பள்ளம் கம்ப்ளெய்ன்ட்ட "முடிஞ்சது"ன்னு க்ளோஸ் பண்ணிட்டாங்க, இப்ப நானே ரோடு கட் பெர்மிஷன் கேக்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கிழக்குத்தெரு_மணி | அக்டோபர் 19, இரவு 10:40

வணக்கம் மக்களே. ரெண்டு விஷயம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கெடக்கு, அதனால ஒரே இழையா போடறேன். ஊர் பேரு வேணாம், தமிழ்நாட்டுல ஒரு மாநகராட்சின்னு வச்சுக்கோங்க. எங்க ஏரியா ஏஇ (உதவிப் பொறியாளர்) நல்ல மனுஷன், அவர் தலை உருள வேணாம்.

மொத விஷயம். எங்க வீட்டு கேட்டுக்கு நேரா மார்ச் மாசம் ஒரு பைப் வேலைக்கு ரோட்ட குறுக்கால வெட்டினாங்க. பைப்ப போட்டு, தோண்டின மண்ணையே திரும்ப தள்ளி, மேல மேடு கட்டிட்டு போய்ட்டாங்க, பாக்க புதுசா போட்ட சமாதி மாதிரி இருந்துச்சு. கேட்டதுக்கு "வண்டி ஓடி ஓடி தானா அமுங்கிரும் சார்"னாங்க. அமுங்குச்சு, நல்லாவே அமுங்குச்சு. இப்ப பையனோட ஸ்கேல எடுத்துட்டு போய் வச்சு பாத்தேன், 17 செமீ ஆழம். தண்ணி நின்னா பள்ளம் இருக்கறதே தெரியாது, யாரோ ஒரு புண்ணியவான் உடைஞ்ச பிளாஸ்டிக் சேர ஒண்ண கவுத்து வச்சு அதுல செவப்பு துணி கட்டியிருக்காரு.

ஆப்ல மூணு தடவ போட்டேன். மொத தடவ நாலே நாள்ல க்ளோஸ், சரி பண்ணதா ஒரு போட்டோ வேற. போட்டோல பாதாம் மரம் நிக்குது. எங்க தெருவுல பாதாம் மரமே கெடையாதுங்க, மொத்தமே ரெண்டு வேப்ப மரம்தான். ரெண்டாவது தடவ "எங்கள் துறை சார்ந்தது அல்ல". மூணாவது தடவ போட்டோ கூட இல்ல, "சரி செய்யப்பட்டது", அவ்ளோதான்.

ரெண்டாவது விஷயம். மேல மாடி எழுப்பறோம், பழைய கழிவுநீர் லைன் தாங்கல, புது கனெக்ஷன் எடுக்கணும். மெயின் லைன் ரோட்டுக்கு அந்தப்பக்கம் போகுது, அப்ப ரோட்ட வெட்டியே ஆகணும். பிளம்பர் சொல்றாரு "பெர்மிஷன் எல்லாம் எதுக்கு சார், சனிக்கிழம ராத்திரி கட் அடிச்சு ஞாயித்துக்கிழம காலைல மூடிரலாம், திங்கக்கிழம யாருக்கு தெரியும்"னு. எனக்கு மனசு ஒப்பல. ஏழு மாசமா ஒரு பள்ளத்துக்கு சண்ட போட்டுட்டு இப்ப நானே ஒண்ண தோண்டி வைக்கறதா? முறைப்படி போனா எவ்ளோ நாள் ஆகும், எங்க போகணும்?

வம்பு_வாசு | அக்டோபர் 19, இரவு 10:52

17 செமீ ஆழத்துக்கு கெண்ட மீன் வளக்கலாம் ப்ரோ, மாடி கட்ற செலவுக்கு ஆகும்

சோழிங்கநல்லூர்_ஷாலு | அக்டோபர் 19, இரவு 11:15

வாசு உங்களுக்கு வேற வேலையே இல்லையா.

மணி சார், உங்க ஊருக்கு எனக்கு தெரியாது, சென்னைக்கு எப்படின்னு சொல்றேன், முறை ஏறக்குறைய எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். மொத கேள்வியே ரோடு யாரோடதுங்கறதுதான், அங்கதான் பாதி கம்ப்ளெய்ன்ட் சாகுது. சென்னை மாநகராட்சிக்குள்ளயே பஸ் போற ரோடு தனி டிபார்ட்மென்ட், அது சுமார் 387 கிமீ, உள் தெரு எல்லாம் 15 மண்டல ஆபீஸ் கைல, அது ஐயாயிரம் கிமீ தாண்டும். அதுக்கெல்லாம் 1913 இல்லன்னா நம்ம சென்னை ஆப். ஆனா பெரிய ரோடு சிலது மாநகராட்சியோடதே கெடையாது, மாநில நெடுஞ்சாலைத் துறையோடது. அதுக்கு 1913ல எத்தன தடவ கூப்ட்டாலும் "எங்களது இல்ல"ன்னுதான் வரும். அவங்களுக்கு தனியா "நம்ம சாலை"ன்னு ஒரு ஆப், 2023 நவம்பர்ல வந்துச்சு. மாநில நெடுஞ்சாலைன்னா 24 மணி நேரம், மாவட்ட ரோடுன்னா 72 மணி நேரத்துல அடைக்கணும்னு கெடு வச்சிருக்காங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033. மெட்ரோ ரயில் பேரிகேட் ஒட்டி இருந்தா பொதுவா அவங்க காண்ட்ராக்டர் பாக்கணும். மேன்ஹோல் மூடி சுத்தி இறங்கியிருந்தா குடிநீர் வாரியம், 1916.

எங்க வீட்டு முன்னாடி ரோடு யாரோடதுன்னு கண்டுபுடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சுன்னா பாத்துக்கோங்க. ரேஷன் கார்டு மாதிரி ரோட்டுக்கும் ஒரு கார்டு ஒட்டி வைக்கலாம்

கோவைக்காரன்_77 | அக்டோபர் 20, காலை 6:30

ஆமாங்க, எங்கூர்லயும் இதே கததானுங்க. நான் ஒண்ணு பண்ணுவேனுங்க, ஆப்ல போடறதோட நிறுத்தாம திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல ஒரு மனு குடுத்துருவேன். நம்பர் போட்டு ரசீது தருவாங்க, அது 'முதல்வரின் முகவரி'ங்கற அரசு குறைதீர்ப்பு கணக்குல ஏறிருமுங்க. 1100க்கு போன் பண்ணாலும் அதே கணக்குதான். ஆப்ல க்ளோஸ் பண்ணா நாம முடிஞ்சுதுன்னு விட்டுருவோம், மனுவுக்கு எழுத்துல பதில் வரணும், அந்த பதில்ல கையெழுத்து போடறதுக்கு கொஞ்சம் யோசிப்பாங்க

பழைய_ஏஇ | அக்டோபர் 20, காலை 9:05

ரிட்டயர்டு உள்ளாட்சி இன்ஜினியர். பேர் வேண்டாம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மணி, நீங்க பள்ளம் ஒரு விஷயம் பெர்மிஷன் ஒரு விஷயம்னு பிரிச்சு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதான். என் சர்வீஸ்ல நான் பாத்த உள் தெரு பள்ளத்துல மழையா பொறந்தது கம்மி, வெட்டினதுல பொறந்ததுதான் ஜாஸ்தி. ரோட்ட வெட்டறவன் ஒருத்தன், மூடறவன் ஒருத்தன், தார் போடறவன் ஒருத்தன். ஒவ்வொருத்தனும் தன் வேல முடிஞ்சுதுன்னு கையெழுத்து போட்டுட்டு போய்டறான், நடுவுல இருக்கற மாசத்துக்கு யாரும் பொறுப்பில்ல.

எப்படின்னா, ரோடு கட் அனுமதி கேட்டா மாநகராட்சி சதுர மீட்டர் கணக்கு போடும், தார் ரோடுன்னா ஒரு ரேட், கான்கிரீட்டுன்னா ஒரு ரேட். அந்த சீரமைப்புக் கட்டணத்த முன்னாடியே கட்டணும். கட்டினதும் வெட்டினவன் மனசுல என்ன ஓடும்? "காசு கட்டியாச்சு, ரோடு போடறது அவங்க தலவலி". மண்ண தள்ளிட்டு போய்டுவான். மாநகராட்சி பக்கம் என்ன நடக்கும்? ஒரு பத்தடி வெட்டுக்கு தனியா டெண்டர் போட முடியாது, வார்டுல இருக்கற வெட்டு எல்லாத்தையும் சேத்து ஒரு எஸ்டிமேட், அனுமதி, டெண்டர், ஒர்க் ஆர்டர். ஆறு மாசம் சாதாரணமா ஓடும். அந்த ஆறு மாசத்துல ஒரு மழைக்காலம் வந்துட்டா உங்க பிளாஸ்டிக் சேர்.

இப்ப மூடற விதத்த சொல்றேன், இதுதான் முக்கியம். வெட்டறதுக்கு முன்னாடி கட்டர் மிஷின் வச்சு ரெண்டு பக்கமும் நேர் கோடா தார அறுக்கணும். யார் அறுக்கறான்? ஜேசிபி பல்ல வச்சு பிச்சு எடுப்பான், குழி ரெண்டடி அகலம்னா ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு அடி தார் விரிசல் விட்டு கெடக்கும், மேல பாத்தா தெரியாது. பைப் சுத்தி மணல், இல்லன்னா எம் சாண்ட். அதுக்கு மேல 15 செமீ 15 செமீயா போட்டு, தண்ணி விட்டு, குதிக்கிற மிஷின் இருக்கு பாருங்க ரேமர், அத வச்சு ஒவ்வொரு அடுக்கையும் குத்தணும். நாலடி குழின்னா எட்டு அடுக்கு. எட்டு தடவ குத்தணும். நான் நேர்ல நிக்காத எடத்துல எட்டு தடவ குத்தி நான் பாத்ததில்ல. தோண்டின மண்ணு களிமண்ணா இருந்தா அத திரும்ப போடவே கூடாது, க்ரஷர் டஸ்டோ கிராவலோ கொண்டாந்து போடணும். மேல வெட் மிக்ஸ், அதாவது தண்ணி சேத்து கலந்த ஜல்லி, அப்புறம்தான் தார். தாரும் குழி அகலத்துக்கு மட்டும் போட்டா பத்தாது, அந்த விரிசல் விட்ட ஓரத்தையும் அறுத்து எடுத்துட்டு சேத்து போடணும். இல்லன்னா ஓரத்துல தண்ணி எறங்கும், மேல லாரி டயர் ஏறி எறங்கறப்ப தண்ணி உள்ள பம்பு அடிச்ச மாதிரி ஜல்லிய நோண்டி வெளிய தள்ளும். பள்ளம்ங்கறது மேலேர்ந்து வர்றதில்ல, கீழேர்ந்து வர்றது.

இன்னொன்னு. இப்ப உங்களுக்கு அனுமதி கெடைக்காது. வடகிழக்குப் பருவமழை நேரத்துல ரோடு கட் நிறுத்தி வச்சிருவாங்க, பைப் வெடிச்ச மாதிரி அவசர வேலைக்குத்தான் விதிவிலக்கு. ஜனவரிலதான் பாக்கணும். பிளம்பர் சொல்ற ராத்திரி கட்ட மட்டும் பண்ணிராதீங்க. கீழ ஈபி கேபிள் போகுதான்னு அவருக்கு தெரியுமா?

கேபிள்_செல்வம் | அக்டோபர் 20, மதியம் 1:20

சார் வணக்கம், நான் ஃபைபர் கேபிள் போடற சப் காண்ட்ராக்ட், எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க எப்பவும் வெட்டறவன்தான் திருடன்னு ஆயிடுது. எங்களுக்கு மீட்டருக்கு இவ்ளோன்னு ரேட்டு, அதுல தோண்டறது குழாய் போடறது மூடறது எல்லாம் அடக்கம், எட்டு அடுக்கு குத்துனா டீ காசு கூட மிஞ்சாது. அதுவும் போலீஸ் என்ஓசி, அதான் தடையில்லா சான்று, ராத்திரி 11 லேர்ந்து காலைல 5 வரைக்கும்தான் குடுப்பாங்க மெயின் ரோட்ல, 5 மணிக்கு பால் வண்டி வந்துரும் பஸ் வந்துரும், அந்த நேரத்துக்குள்ள ஐம்பது மீட்டர் தோண்டி மூடி ரோட்ட தெறந்து விடணும், மண்ண தள்ளத்தான் நேரம் இருக்கும், நாங்க என்ன பண்ண

இப்ப பெரிய கம்பெனிங்க எச்டிடி மிஷின்ல குடையறாங்க, ரோட்ட வெட்டாம இங்க ஒரு குழி அங்க ஒரு குழி, நடுவுல கீழ துளை போட்டுட்டு போயிரும். ஆனா கீழ என்ன போகுதுன்னு தெரியாம குடைஞ்சா தண்ணி பைப்ப ஓட்ட போட்டுரும், ஒரு தடவ எங்க ஆளு குடைஞ்சப்ப தெருவே நீச்சல் குளம் ஆச்சு, அன்னைக்கு வாங்குன திட்டு இன்னும் காதுல கேக்குது

பழைய_ஏஇ | அக்டோபர் 20, மதியம் 1:48

செல்வம் தம்பி, உங்க மேல கோவம் இல்ல. மீட்டர் ரேட் போட்டு குடுக்கறவங்க மேலதான். ஆனா அந்த நீச்சல் குளம் விஷயத்துக்கு 2023 மார்ச்ல மத்திய அரசு ஒரு ஆப் விட்டாங்களே, தோண்டறதுக்கு முன்னாடி எடத்த பதிஞ்சா கீழ கேபிள், பைப் வச்சிருக்கவங்களுக்கு தகவல் போயிரும். யூஸ் பண்றீங்களா?

கேபிள்_செல்வம் | அக்டோபர் 20, மதியம் 2:02

பதியறோம் சார். பதில் சொல்றவங்க எத்தன பேர்னு கேக்காதீங்க. ஃபைபர் வச்சிருக்க கம்பெனிங்க ஒடனே கூப்டுவாங்க, கேபிள் போனா அவங்களுக்கு லட்சக்கணக்குல நஷ்டம். பழைய தண்ணி லைனுக்கெல்லாம் மேப்பே இல்ல, வால்வு திருப்பற பெரியவரு ஒருத்தரு இருப்பாரு, அவரு "இங்க தோண்டாதப்பா, ரெண்டடி தள்ளி தோண்டு"ன்னு கால வச்சு காட்டுவாரு. அவருதான் எங்களுக்கு மேப்

ஸ்கூட்டி_அக்கா | அக்டோபர் 20, மாலை 7:30

நீங்க எல்லாம் அடுக்கு, ரேமர்னு பேசறீங்க, நான் போன வருஷம் இந்த மாதிரி மூடாத வெட்டுல விழுந்து இடது கை மணிக்கட்டு உடைஞ்சு ஆறு வாரம் கட்டு போட்டுட்டு இருந்தேன். ஊரும் சொல்லல ஆபீஸும் சொல்லல. மழ பேஞ்சு தண்ணி நின்னுச்சு, நான் வழக்கமா போற ரோடு, நேத்து வரைக்கும் இல்லாத வெட்டு, நடுவுல ஒரு பேரிகேட் இல்ல ஒரு ரிஃப்ளெக்டர் இல்ல. முன் சக்கரம் எறங்கினது மட்டும்தான் தெரியும், அப்புறம் என் டிபன் பாக்ஸ் தனியா உருண்டு போறத படுத்துக்கிட்டே பாத்துட்டு இருந்தேன். பின்னாடி வந்த மினி பஸ் டிரைவர் மட்டும் கவனிக்காம இருந்திருந்தா நான் இங்க டைப் அடிச்சிட்டு இருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரி செலவு நான்தான் கட்டினேன். போலீஸ் ஸ்டேஷன்ல "நீங்களே வண்டிய விட்டு விழுந்துட்டீங்க, யார் மேல கேஸ் போட சொல்றீங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. யாருக்காவது தெரியுமா?

கருப்புக்கோட்டு | அக்டோபர் 20, இரவு 9:10

அக்கா மொதல்ல கை இப்ப எப்படி இருக்கு?

பதில் இருக்கு, ஆனா நீளமான பாதை. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல 198ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. ரோட்ட டிசைன் பண்றவங்க, கட்டறவங்க, பராமரிக்கறவங்க தர விதிய மீறி அதனால சாவோ ஊனமோ வந்தா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். அமல்ல இருக்கு, ஆனா ஸ்டேஷன்ல நீங்க சொன்னாதான் பாதி பேருக்கு இப்படி ஒரு பிரிவு இருக்கறதே ஞாபகம் வரும்.

2018 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே கடுப்பானாங்க, 2013லேர்ந்து 2017 வரைக்கும் பள்ளத்தால நடந்த விபத்துல 14,926 பேர் செத்திருக்காங்கன்னு கணக்கு வந்தப்ப. இப்ப இந்த மாசம், 2025 அக்டோபர்ல பாம்பே ஹைகோர்ட் ஒரு படி மேல போயிருக்கு. பள்ளத்துல, தெறந்து கெடக்கற மேன்ஹோல்ல விழுந்து செத்தா குடும்பத்துக்கு 6 லட்சம், காயம்னா அடிக்கு தகுந்த மாதிரி 50 ஆயிரத்துலேர்ந்து இரண்டரை லட்சம் வரைக்கும் குடுக்கணும், அந்த காச பொறுப்பான அதிகாரி, காண்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கோங்கன்னு. அது மகாராஷ்டிராவுக்குத்தான், நேரடியா இங்க கட்டுப்படுத்தாது, ஆனா நம்ம ஹைகோர்ட்ல ரிட் போடறப்ப எடுத்து வைக்கலாம்.

விழுந்த அன்னைக்கே பண்ண வேண்டியது என்னன்னா போட்டோ, பள்ளத்தோட சேத்து பக்கத்துல ஏதாவது கடை போர்டு தெரியற மாதிரி. ஆஸ்பத்திரில ஏஆர் எண்ட்ரி (விபத்துப் பதிவேடு) போடறப்ப "ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து"ன்னு எழுத சொல்லுங்க, "வண்டியிலிருந்து தவறி விழுந்து"ன்னு எழுதிட்டா பின்னாடி கஷ்டம். ஸ்டேஷன்ல சிஎஸ்ஆராவது (புகார் வாங்கினதுக்கு ரசீது) வாங்காம வெளிய வராதீங்க

ஸ்கூட்டி_அக்கா | அக்டோபர் 20, இரவு 9:34

கை பரவால்ல தம்பி, தோச மாவு கரண்டி புடிச்சா மட்டும் கொஞ்சம் வலிக்கும். "தவறி விழுந்து"ன்னுதான் எழுதியிருக்காங்க. இப்ப எடுத்து பாத்தேன்.

வம்பு_வாசு | அக்டோபர் 20, இரவு 9:50

ஸாரிக்கா. நான் காமெடிக்கு போட்டது, தப்பா எடுத்துக்காதீங்க

பெங்களூர்_பாலா | அக்டோபர் 21, காலை 8:15

இங்க டெண்டர்ஷ்யூர்னு கொஞ்சம் ரோடு போட்டாங்க, செயின்ட் மார்க்ஸ் ரோடு, ரெசிடென்சி ரோடு மாதிரி. ப்ளாட்பாரத்துக்கு கீழ தண்ணி, கரண்டு, கேபிள் எல்லாத்துக்கும் தனித்தனி குழாய், நடுவுல நடுவுல சேம்பர். புது கேபிள் போடணும்னா சேம்பர தெறந்து உள்ள இழுத்துக்கலாம், தார தொட வேண்டியதில்ல. செலவு ஜாஸ்தின்னு அப்ப பெரிய சண்ட. ஆனா வெட்டாம இருக்கறதால அந்த ரோடெல்லாம் இன்னும் பாக்கற மாதிரி இருக்கு. மத்த ரோட்ட பத்தி கேக்காதீங்க, பெங்களூர் பள்ளத்துக்கு உலகப் புகழ் இருக்கு

பழைய_ஏஇ | அக்டோபர் 21, காலை 10:40

பாலா சொல்றது சரி, ஆனா இருபதடி தெருவுல ப்ளாட்பாரம் எங்க இருக்கு?

மணி, வேலைக்கு வருவோம். உங்க பள்ளத்துக்கு இனிமே ஆப்ல போடாதீங்க. ஆர்டிஐ, அதான் தகவல் உரிமைச் சட்ட மனு, போடுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட். "ஏன் சரி பண்ணல"ன்னு கேக்காதீங்க, ஏன்ங்கற கேள்விக்கு பதில் வராது. ஆவணம் கேளுங்க. இந்த தெருவுல இந்த கதவு எண்ணுக்கு எதிர்ல மார்ச் மாசம் ரோடு கட் அனுமதி குடுத்த ஆணை நகல், கட்டின சீரமைப்புத் தொகை, சீரமைப்பு முடிஞ்ச தேதி, எம் புக்ல (வேலைய அளந்து எழுதற பதிவேடு) அந்த வேலை பதிஞ்ச பக்கத்தோட நகல். இந்த நாலு போதும். 30 நாள் கெடு.

அது வரைக்கும் தயவுசெஞ்சு வீடு இடிச்ச செங்கல் கல்ல கொண்டு போய் அந்த குழில கொட்டாதீங்க. எல்லாரும் நல்ல எண்ணத்துலதான் கொட்டறாங்க. சக்கரம் ஏறினா கல் தெறிச்சு பக்கத்து தார ஒடைக்கும், தண்ணி கல்லுக்கு நடுவுல எறங்கி பள்ளம் பெருசாகும். மழை நேரத்துல ஆபீஸ்ல கேட்டா கோல்டு மிக்ஸ் (சூடு பண்ணாம போடற தார் கலவை) மூட்ட வச்சிருப்பாங்க, ஈரத்துலயும் போடலாம், தற்காலிகமா நிக்கும். சூடு தார் ஈரத்துல ஒட்டாது, போட்டா அப்பளம் மாதிரி பேந்து வந்துரும்.

கிழக்குத்தெரு_மணி | அக்டோபர் 21, இரவு 11:00

சார் உங்களுக்கு கோடி நன்றி. ஆர்டிஐ நாளைக்கே போடறேன். நேத்து ரெண்டு கூட செங்கல் கொட்டினது நான்தான், காலைல அள்ளிடறேன்.

கிழக்குத்தெரு_மணி | நவம்பர் 28, இரவு 9:15

அப்டேட். ஆர்டிஐ பதில் வந்துருச்சு, 34வது நாள். உக்காந்துட்டு படிங்க. எங்க வீட்டு முன்னாடி இருக்கற வெட்டு ஜூன் மாசமே தார் போட்டு சீரமைச்சாச்சு. எம் புக்ல நீளம் அகலம் கனம் எல்லாம் பதிஞ்சிருக்கு, சரி பார்த்தேன்னு கையெழுத்தும் இருக்கு. நான் ஏழு மாசமா தண்ணி நிக்கறத பாத்துக்கிட்டு இருந்தது ரோடே இல்ல போலருக்கு, மாயை.

வம்பு_வாசு | நவம்பர் 28, இரவு 9:21

பாதாம் மரத்து தெருவுல போட்டுட்டாங்களோ

பழைய_ஏஇ | நவம்பர் 28, இரவு 9:58

சிரிக்க வேண்டாம் வாசு, அது உண்மையாவே இருக்கலாம். ஒரே பேர்ல ரெண்டு தெரு இருந்தா இந்த கூத்து நடக்கும். கிழக்குத் தெரு, கிழக்கு குறுக்குத் தெரு. காண்ட்ராக்டர் ஆள் ஜிபிஎஸ் பாத்து வரமாட்டான், "கிழக்கா? போடு"ன்னு போட்டுட்டு போயிருப்பான். வேணும்னே நடந்துச்சா தப்பா நடந்துச்சாங்கறத நாம இங்க உக்காந்து முடிவு பண்ண வேணாம். அந்த பக்கத்த நகல் எடுத்து, கூடவே இன்னைக்கு தேதில எடுத்த போட்டோவும் வச்சு இஇக்கு (செயற்பொறியாளர்) நேரா மனு குடுங்க, ஏஇக்கு இல்ல. கவுன்சிலருக்கு ஒரு காப்பி. கோவமா எழுதாதீங்க, "பதிவேட்டின்படி சீரமைக்கப்பட்ட இடமும் கள நிலவரமும் மாறுபடுகிறது, நேரில் ஆய்வு செய்து தர வேண்டுகிறேன்". இந்த ஒரு வரி போதும், படிக்கறவருக்கு வேர்த்துரும்.

கிழக்குத்தெரு_மணி | டிசம்பர் 19, மாலை 6:05

வந்தாங்க. மூணு பேரு, டேப்போட. எங்க ஏஇ மொகத்த பாக்கவே பாவமா இருந்துச்சு. ஒண்ணும் விளக்கம் சொல்லல, நானும் கேக்கல, காபி குடுத்தேன், குடிச்சாரு. மறுநாள் காலைல கட்டர் மிஷின் வந்துச்சு, பழைய_ஏஇ சார் சொன்ன மாதிரி ஓரத்த ஒரு அடி தள்ளி நேரா அறுத்தாங்க, நான் இத்தன வயசுக்கு எங்க தெருவுல மொத தடவ பாக்கறேன் அந்த மிஷின. கீழ தோண்டி சேறெல்லாம் அள்ளி ரெண்டு நாள் காய விட்டு வெட் மிக்ஸ் போட்டு நேத்து தார். அந்த சேர என்ன பண்றதுன்னு தெரியாம மொட்ட மாடில வச்சிருக்கேன்.

ஸ்கூட்டி_அக்கா | டிசம்பர் 19, மாலை 6:40

சேர பத்திரமா வைங்க மணி. தேவப்படும்

கிழக்குத்தெரு_மணி | பிப்ரவரி 11, இரவு 10:20

ரொம்ப நாளாச்சு. இப்ப என் கனெக்ஷன் கதை. ஜனவரி மொத வாரம் விண்ணப்பம் போட்டேன். கனெக்ஷனுக்கு தனி, ரோடு கட்டுக்கு தனி. வீட்டு வரி ரசீது, தெருவோட ஒரு வரைபடம், எவ்ளோ நீளம் எவ்ளோ அகலம் வெட்டறோம், ரோடு தாரா கான்கிரீட்டான்னு கேட்டாங்க. ஏஇ வந்து அளந்தாரு, எவ்ளோ கட்டணும்னு டிமாண்ட் நோட் வந்துச்சு, ஆன்லைன்ல கட்டினேன், அனுமதி கைக்கு வர மொத்தம் அஞ்சு வாரம். பிளம்பர் "அஞ்சு வாரத்துல அஞ்சு வீடு முடிச்சிருப்பேன்"னு சொல்லிட்டே இருந்தாரு.

வெட்டின அன்னைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டேன். பக்கத்து டவுன்ல ரேமர் வாடகைக்கு எடுத்தேன், ஒரு நாளைக்கு. பசங்க மொத அடுக்கு குத்துனாங்க, ரெண்டு குத்துனாங்க, மூணாவதுக்கு "போதும் சார், இதுக்கு மேல பூமியே அந்தப்பக்கம் போயிரும்"னாங்க. நான் ஸ்கேல் வச்சிட்டு நின்னேன், அதே 30 செமீ ஸ்கேலு. அடுக்குக்கு 15. பொண்டாட்டி ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு "இந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிருச்சு"ன்னு அவங்கம்மாகிட்ட போன்ல சொல்றது கேட்டுச்சு. ஏழு அடுக்கு வரைக்கும் கொண்டு போனேன், எட்டாவதுக்கு இருட்டிருச்சு.

தார் இனி மாநகராட்சி போடணும். காசு கட்டியாச்சு. எப்பன்னு கேட்டேன், "வார்டுல மத்த வெட்டோட சேத்து போடுவோம்"னாங்க. பழைய_ஏஇ சார், நீங்க சொன்னது வார்த்த மாறாம அப்படியே வந்துச்சு.

கேபிள்_செல்வம் | பிப்ரவரி 11, இரவு 10:41

அண்ணா ஏழு அடுக்கா, எங்க முதலாளிகிட்ட இந்த இழைய காட்டவே கூடாது

கிழக்குத்தெரு_மணி | ஏப்ரல் 23, காலை 7:10

நேத்து சாயங்காலம் கோடை மழை ஒண்ணு கொட்டுச்சு. ராத்திரி எட்டு மணிக்கு மாநகராட்சிலேர்ந்து போன். "சார், உங்க வீட்டு எதிர்ல ரோடு வெட்டி சரியா மூடாம விட்டிருக்கறதா ஆப்ல கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு, நீங்கதான அனுமதி வாங்கினது?"

எனக்கு பேச்சே வரல. கம்ப்ளெய்ன்ட் போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்ப சொன்னேன், அனுப்பினாங்க. எதிர் வீட்டு காம்பவுண்டுலேர்ந்து எடுத்திருக்காங்க. நடுவுல ஒரு ஸ்கேல் வேற நிக்க வச்சிருக்கு.

பழைய_ஏஇ | ஏப்ரல் 23, காலை 7:32

எத்தன செமீ எறங்கியிருக்கு?

கிழக்குத்தெரு_மணி | ஏப்ரல் 23, காலை 7:35

மூணு. சேர எறக்கிட்டு வந்து வச்சுட்டேன்.